சிறுத்தைக் காலப் பாணி

ஒரு காட்டில், மரங்களுக்குப் போட்டியாக விண்ணப்பப் படிவங்களும் செழித்து வளர்ந்திருந்த ஒரு காட்டில், சொக்கநாதன் என்றோர் ஓணான் வாழ்ந்து வந்தது. ஓணான் என்றால் தலையாட்டும். வெயிலடித்தாலும் ஆட்டும், வேலியோரம் ஆள் போனாலும் ஆட்டும், ஒன்றுமே நடக்காவிட்டாலும் ஆட்டும். அது அந்த இனத்தின் பிறவிக்குணம். இதையெல்லாம் யோசிக்க அந்தக் காட்டில் யாருக்கும் நேரமில்லை. ஒருநாள் ஒரு தவளை பாடிக்கொண்டிருந்தபோது சொக்கநாதன் எதிரே உட்கார்ந்து தலையாட்டியது. "அடேயப்பா, என்ன ரசனை!" என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அது சங்கீத விற்பன்னர். ஓணானும் இதை மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமானால் தலையைப் பக்கவாட்டில் ஆட்ட வேண்டும். அது ஓணானுக்கு வராது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். ஐப்பசி மழை விட்டதும் ஓடைக்கரை நாவல் மரத்தடியில் சாயங்காலக் கச்சேரி நடக்கும். புதுப் பாடகர் ஒருவரை யார் முதலில் கேட்டுக் கண்டுபிடித்து முறைப்படி பதிவு செய்கிறாரோ, அவருக்கு 'முதல் செவி' என்ற பட்டம். பட்டத்தோடு நாவல் மரத்தின் முன்கிளையும் கிடைக்கும். சாதாரணக் கிளையா அது? காலையில் முதல் வெயில் அங்கேதான் விழும். சிற்றெறும்புச் சாரி அந்த வழியாகத்தான் போகும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கீழே போகிறவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்து வணக்கம் சொல்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மழைக்காலம் தொடர்ந்தாற்போல் யாரையும் கண்டுபிடிக்காதவர் கிளையைக் காலி செய்துவிட வேண்டும்.

இப்போது அந்தக் கிளையில் இருந்த சொக்கநாதனுக்கு இது வெறுங்கையோடு மூன்றாவது மழை. பதிவுக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கிளைக்குப் போட்டி கோதண்டம் என்ற முயல். முயலுக்கு மரமேறத் தெரியாது. இருந்தாலும் கிளை வேண்டும். தான் உட்காருவதற்கு அல்ல, ஓணான் உட்காரக்கூடாது என்பதற்கு. அந்த நீளக் காதுகளை வைத்துக்கொண்டு தன்னைவிடப் பெரிய ரசிகன் யாருமில்லை என்று அதுவும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறது. தினமும் காலையில் மரத்தடிக்கு வந்து விசாரிக்கும்.

"என்ன சொக்கு, மூட்டை கட்டியாச்சா? வேலிப் பக்கம் நல்ல முள்ளா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன் உனக்கு. காத்தோட்டமா இருக்கும்."

ஓணான் தலையாட்டும். முயல் சிரித்துக்கொண்டே போகும். ஓணானுக்கு வயிறு எரியும்.

காட்டின் எல்லையில், ஓடைக்கு இந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு பயணியர் பங்களா உண்டு. நாற்பது வருஷத்துக்கு முன் அங்கே மனிதர்கள் தங்கி டேப்ரிக்கார்டரில் பாட்டுப் போட்டார்களாம். அந்தப் பாட்டுக்குப் பெயர் புது அலை. நாற்பது வருஷமாகியும் அதற்குப் புது அலை என்றுதான் பெயர். பங்களாவின் உடைந்த அலமாரியில் இன்னும் ஏழெட்டுக் கேசட் அட்டைகள் கிடந்தன. சொக்கநாதன் அந்த அட்டைகளின் மேல் பைத்தியமாக இருந்தது. உப்பலான தலைமுடி, தூக்கிக்கட்டிய தோள்பட்டை, யாரோ திட்டி அனுப்பியதுபோல ஒரு முகம். "அடடா, அந்தக் காலம் மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விடும். ஓணானுக்கு வயது நாலு. அந்தப் பாட்டில் ஒரு வரியைக்கூட அது கேட்டதில்லை. கேட்க டேப்ரிக்கார்டர் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஏங்க அட்டை போதும். தான் பிறக்காத காலத்துக்கு இப்படி ஏங்குகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையில் ஓர் அட்டை இருக்கும்.

ஒருநாள் காலை சொக்கநாதன் ஒரு கொழுத்த வெட்டுக்கிளியைப் பிடித்து, வாயில் கவ்விக்கொண்டு, பங்களாத் திண்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மனமெல்லாம் கவலை. அப்போது தலைக்கு மேலே கிளையிலிருந்து ஒரு சத்தம்.

"டிட்-டிட்-டூம்... டிட்-டிட்-டூம்... ஊஊஊய்ங்!"

ஓணான் நிமிர்ந்து பார்த்தது. ஓர் இளம் கரிச்சான் குருவி. உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பு. நெற்றியில் உப்பலாக ஒரு கொண்டை. வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துடுப்பு. முகத்தில் கடுகடுப்பு. அச்சு அசலாகக் கேசட் அட்டை.

குருவி இன்னொரு முறை கத்தியது. ஓணான் தலையாட்டியது. குருவி இன்னும் கீழே இறங்கி, காதருகே வந்து, உயிரைக் கொடுத்துக் கத்தியது. ஓணான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டியது. ஆட்டிய ஆட்டத்தில் வெட்டுக்கிளி தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அது இறங்குவதைக் குருவி ஏக்கத்தோடு பார்த்தது.

"ஒன்ஸ்மோர்!" என்றது ஓணான்.

"என்னது?"

"இன்னொரு தடவை. அந்த ஊய்ங்கிலேருந்து."

"அண்ணே, நான் பாடலண்ணே. பசிக்குது. இந்தச் சத்தம் போட்டா எல்லாரும் வாயில இருக்கறதப் போட்டுட்டு ஓடுவாங்க, நாம எடுத்துத் தின்னுக்கலாம்னு எங்கம்மா சொல்லிக் கொடுத்துச்சு. அதுக்கு அதோட அம்மா சொல்லிக் கொடுத்துச்சாம். பத்து நாளா தொண்டை கிழியக் கத்துறேன், ஒரு நாயும் ஓட மாட்டேங்குது."

"பசி!" என்று ஓணான் பரவசப்பட்டது. "அதான் குரல்ல தெரியுதே! இருந்தும் முகத்துல ஒரு உணர்ச்சியும் இல்லை பாரு, அதான் புது அலை. பின்னால ஒரு எதிரொலி, நடுவுல டிரம் மெஷின். யாருகிட்ட கத்துக்கிட்ட?"

"எங்கம்மாகிட்டன்னு இப்பதானேண்ணே சொன்னேன்."

"பரம்பரைப் பாடகி!" என்றது ஓணான். "பேரு?"

"ஏய்னு கூப்பிடுவாங்க."

"இனிமே நீ நியான் நிர்மலா."

நியான் என்றால் என்ன என்று குருவிக்குத் தெரியாது. ஓணானுக்கும் தெரியாது. அட்டையில் போட்டிருந்தது, அவ்வளவுதான். பாடினால் தினமும் புழு கிடைக்கும் என்று ஓணான் சொன்னதும் குருவி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. திருடிச் சாப்பிடுவதைவிடப் பாடிச் சாப்பிடுவதில் அலைச்சல் குறைவு.

பதிவு அலுவலகம் விழுந்து கிடந்த ஒரு மருத மரத்தின் நிழலில் இருந்தது. குமாஸ்தா, கனகசபை என்ற ஆமை. காட்டிலேயே வயதில் மூத்த பிராணி. அதனால் வேலையிலும் அவசரமில்லை. அன்று கடைசி நாள் வேறு. வரிசையில் ஏழு பேர்தான் இருந்தார்கள், ஆனால் வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. நடுவில் ஒரு முள்ளம்பன்றி நின்றதால் அதற்குப் பின்னால் யாரும் ஒட்டி நிற்கவில்லை. ஓணான் குருவியைத் தோளில் ஏற்றாத குறையாக அழைத்துக்கொண்டு நின்றது. அதன் முறை வரும்போது சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டது.

ஆமை படிவத்தை எடுத்துப் படித்தது. "பாடகர் பேர், இனம், கொண்டையின் உயரம்... எல்லாம் சரி. ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கே தம்பி. 'இந்தப் புதிய குரல் எந்தப் பழைய குரலைப் போல் உள்ளது?' அது கட்டாயம்."

அந்தக் காட்டில் புதுமைக்கு அதுதான் சட்டம். போன வருஷம் ஒரு மரத்தவளை யாரைப் போலவும் இல்லாமல் பாடியது. ஒன்பதாவது கட்டத்தை நிரப்ப வழியில்லாமல் அதைச் 'சத்தம்' என்று வகைப்படுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாவம், அது இப்போது பாடுவதில்லை.

"கேட்டுப் பாருங்க ஐயா, உங்களுக்கே தெரியும்" என்று ஓணான் குருவிக்குக் கண் காட்டியது.

"டிட்-டிட்-டூம்... ஊஊஊய்ங்!"

சடக்கென்று ஆமையின் தலையும் நான்கு கால்களும் ஓட்டுக்குள் போய்விட்டன. வரிசையில் நின்றவர்கள் "அடேயப்பா, எப்படி உள்ளொடுங்கிக் கேக்கறாரு பாருங்க" என்று வியந்தார்கள். ஓணான் ஓட்டின் வாயருகே குனிந்தது.

"எப்படி ஐயா?"

உள்ளேயிருந்து நடுங்கும் குரலில் பதில் வந்தது. "தம்பி, இது பாட்டில்லப்பா. சிறுத்தை வருதுங்கற சத்தம். நாப்பது வருஷத்துக்கு முன்னால பங்களாவுல ஒரு பெட்டி வெச்சிருந்தாங்க. ஓடைக்குக் குறுக்கால கம்பி கட்டியிருக்கும். சிறுத்தை கால் வெச்சா பெட்டி இப்படித்தான் கத்தும். மனுசன் கதவைச் சாத்துவான், நாங்கல்லாம் விழுந்தடிச்சு ஓடுவோம். நான் ஓடினேன்னு சொல்றது கொஞ்சம் அதிகம், உள்ளே போயிடுவேன். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் சிறுத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போச்சு. இந்தக் குருவி வம்சம் அதைக் காதுல வாங்கி வெச்சுக்கிட்டிருக்கு."

ஒரு நொடி ஓணானுக்கு முதுகுச் செதிலெல்லாம் சிலிர்த்தது. ஆமை சொன்னது அதற்கு நன்றாகப் புரிந்தது. புரியாத அளவுக்கு அது மக்கு அல்ல. ஆனால் வரிசையின் கடைசியில் இரண்டு நீளக் காதுகள் தெரிந்தன. முயல் கோதண்டம் இரவெல்லாம் கிரீச்சிடும் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைக் கையோடு பிடித்துக்கொண்டு வந்து நின்றது. மூன்றாவது மழை, கடைசி நாள். வேலியோரத்து முள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அப்ப இது நாப்பது வருஷப் பழசு. அசல். அப்படித்தானே ஐயா?" என்றது ஓணான்.

"அசல்தான். அதுல சந்தேகமில்லை. ஆனா..."

"அப்ப ஒன்பதாவது கட்டத்துல 'சிறுத்தைக் காலப் பாணி'ன்னு எழுதிக்குங்க."

ஆமை தலையை வெளியே நீட்டியது. அபாயம் என்று எழுதப் படிவத்தில் ஏதாவது கட்டம் இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தது. இல்லை. கட்டமில்லாத விஷயத்துக்குக் குமாஸ்தா என்ன செய்ய முடியும்? முத்திரை குத்திவிட்டு, "அடுத்தவங்க" என்று கூப்பிட்டது.

பத்தே நாளில் காடு தலைகீழாகிவிட்டது. கொண்டைலாத்தி கொண்டையைக் கீழே இறக்குவதேயில்லை. காட்டுக்கோழிகள் தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தன. சிரிப்பது நாகரிகக் குறைவு என்று குரங்குகளே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டன. "அந்தக் காலத்துப் பாட்டுல ஒரு நேர்மை இருந்துச்சுப்பா" என்று போன வாரம் முட்டையிலிருந்து வந்த காடைக்குஞ்சு ஒன்று சொல்லிக்கொண்டு திரிந்தது. நாவல் மரத்தில் தினமும் ஒத்திகை. குருவிக்குக் கூடை கூடையாகப் புழு. கோதண்டத்தின் சுவர்க்கோழி, கூட்டம் தாங்காமல் மீசையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. முயல் மட்டும் போகவில்லை. தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், "நியான் நிர்மலாவை நான் அப்பவே கேட்டிருக்கேன், பதிவுதான் பண்ணலை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒத்திகைச் சத்தம் மலையைத் தாண்டியும் போனது. அங்கே ஒரு சிறுத்தை இருந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி அதன் வம்சத்தில் பல கதைகள் உண்டு. எல்லாம் பட்டினிக் கதைகள். சத்தம் கேட்டால் அடுத்த நொடி காட்டில் ஒரு பிராணி மிஞ்சாது என்பார்கள். ஆனால் இப்போது பத்து நாளாகச் சத்தம் கேட்கிறது, கூடவே கைதட்டலும் கேட்கிறது. இதென்னடா புதுசா இருக்கு என்று சிறுத்தை மெல்ல மலையிறங்கி வந்தது.

கச்சேரி நாள். வெயில் தாழ்ந்து, நாவல் மரத்தடி நிரம்பி வழிந்தது. மான், முயல், காட்டுக்கோழி, அணில் எல்லாம் ஆளுக்கொரு தீனியோடு வந்து உட்கார்ந்திருந்தன. முன்கிளையில் சொக்கநாதன், கழுத்தில் கேசட் நாடாவை மாலையாகச் சுற்றிக்கொண்டு. முதல் வரிசையில், ஓடைப் பக்கமாக, கோதண்டம். உச்சிக்கிளையில் நியான் நிர்மலா.

முதல் பாட்டு வழக்கம்போல் போனது. எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில் குருவியின் கண் ஓடைப் பக்கம் போனது. நாணலுக்கு நடுவே மஞ்சளும் கறுப்புமாக ஒன்று நகர்ந்தது. ஒரு பாதம் தண்ணீரில் இறங்கியது.

குருவி சிறுத்தையை அதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் கொண்டை தானாகக் குத்திட்டு நின்றது. ஏழு தலைமுறையாக வயிற்றுக்காக மட்டும் போட்ட சத்தம், அன்றுதான் முதன்முதலாக எதற்கு ஏற்பட்டதோ அதற்காகவே வெளிப்பட்டது. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"டிட்-டிட்-டூம்! டிட்-டிட்-டூம்! ஊஊஊய்ங்!"

"உணர்ச்சி கொஞ்சம் ஜாஸ்தி" என்று முகத்தைச் சுளித்தது கொண்டைலாத்தி. "முந்தா நாள் ஒத்திகையில இதைவிடக் குளிர்ச்சியா இருந்துச்சு."

"சிறுத்தை!" என்று குருவி கதறியது. "ஐயோ, நெஜமா சிறுத்தை!"

கூட்டத்துக்குப் புல்லரித்தது. புதுப் பல்லவி! "சிறுத்தை! ஐயோ, நெஜமா சிறுத்தை!" என்று எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். கைதட்டித் தாளம் போட்டார்கள். சரியாக 'ஐயோ'வில் தாளம் விழுந்தது.

முயல் கோதண்டத்தின் பின்னங்கால்கள் மட்டும் துடித்தன. கால்களுக்குச் சங்கீதம் தெரியாது. அவற்றுக்கு ஓட மட்டும்தான் தெரியும். ஓடு, ஓடு என்று அவை உதறின. முயல் சுற்றுமுற்றும் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. இப்போது எழுந்து ஓடினால் நாளைக்குக் காடே என்ன சொல்லும்? "கோதண்டத்துக்குப் புது அலையெல்லாம் ஒத்துக்காது, பாதியில ஓடிட்டான்" என்று ஓணான் மேலேயிருந்து சொல்லாதா? முயல் இரண்டு முன்னங்கால்களாலும் தன் பின்னங்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

மேலேயிருந்து சொக்கநாதன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. முன்கிளையிலிருந்து ஓடை நன்றாகத் தெரியும். சிறுத்தை கரையேறுவது தெரிந்தது. வயிறு தரையில் பட ஊர்ந்து வருவது தெரிந்தது. அதற்கும் முயலுக்கும் நடுவே எட்டடி தூரம்கூட இல்லை. "டேய் கோதண்டம், ஓடுடா!" என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். வார்த்தை தொண்டைவரை வந்தது.

வந்த வார்த்தையை ஓணான் யோசித்துப் பார்த்தது. ஓடு என்று சொன்னால் எல்லோரும் ஓடுவார்கள். ஓடியபின் இது பாட்டல்ல, அபாயச் சத்தம் என்று தெரிந்துவிடும். பாட்டில்லை என்றால் பாடகி இல்லை. பாடகி இல்லை என்றால் முதல் செவி இல்லை. கிளை போய்விடும். ஓணான் வார்த்தையை விழுங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இதுவரை ஆட்டாத அளவுக்குத் தலையை ஆட்டியது. அதைப் பார்த்துக் கூட்டமும் கண்ணை மூடிக்கொண்டது.

முயலின் அலறல் கேட்டபிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். வாயிலிருந்ததையும் கையிலிருந்ததையும் அப்படியப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் நாவல் மரத்தடி காலி. நாலு பழத்தோலும், சிதறிய தீனியும், ஒரு நீளக் காதும்தான் மிச்சம்.

குருவி மெல்லக் கீழே இறங்கியது. அம்மா சொன்னதெல்லாம் பொய்யில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சாப்பாடு கிடந்தது. ஒரு புழுவை எடுத்து வாயில் வைத்தது. உடனே கீழே போட்டுவிட்டது. அண்ணாந்து முன்கிளையைப் பார்த்தது.

"அண்ணே, நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"பாட்டு நடுவுல பேசக்கூடாது" என்றது ஓணான்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் அறிக்கை எழுதினார்கள். கச்சேரி சிறப்பாக நடந்தது. ரசிகர்கள் தங்களை மறந்தார்கள். நிகழ்ச்சி முடியுமுன் வெளியேறியவர்: ஒருவர். ஒன்பதாவது கட்டத்தில் எழுதிய 'சிறுத்தைக் காலப் பாணி' என்ற விவரம் நேரில் சரிபார்க்கப்பட்டு உண்மை எனக் கண்டறியப்பட்டதால் பட்டமும் கிளையும் சொக்கநாதனுக்கே உறுதி. ஆமை முத்திரை குத்திவிட்டு, அலுவலகத்தைப் பூட்டாமலேயே, சிறுத்தை காலி செய்துவிட்டு வந்த மலைப் பக்கத்துக்கு வீடு மாறக் கிளம்பியது. எப்போது போய்ச் சேரும் என்று தெரியவில்லை. மற்றவர்கள் ஆமையைத் தாண்டி அதே வழியில் ஓடினார்கள். குருவியும் அவர்களோடு போய்விட்டது. முதல் செவி மட்டும் போகவில்லை. கிளை கிடைத்தபின் யார் போவார்கள்?

அன்று சாயங்காலம் மரத்தடிக்குச் சிறுத்தை தனியாக வந்தது. முயல் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, வாலால் தரையைத் தட்டியது.

"பாட்டு இல்லியா தம்பி?"

ஓணான் கிளையின் நுனிப் பக்கம் நகர்ந்தது.

"எங்க வம்சமே அந்தச் சத்தத்தைக் கேட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடியிருக்கு" என்றது சிறுத்தை. "முழுசா உக்காந்து கேட்டது நான்தான் முதல். நல்லாத்தான் பாடுது பொண்ணு. நீதானே கண்டுபிடிச்சே? அந்தக் கிளையில இன்னொருத்தருக்கு இடம் இருக்குமா?"

பதிலுக்குக் காத்திராமல் சிறுத்தை எழுந்து, சோம்பல் முறித்து, நாவல் மரத்தில் முதல் நகத்தைப் பதித்தது. சிறுத்தைக்கு மரமேறத் தெரியும். கிளை அசைந்தது. ஓணான் தலையை ஆட்டியது. பிறந்ததிலிருந்து ஆட்டிய தலைதான், ஆனால் அன்றுதான் முதல்முறையாக ஒரு காரணத்தோடு ஆட்டியது. மற்ற நாள் ஆட்டியதற்கும் இதற்கும் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. பார்க்கவும் அங்கே யாரும் இல்லை.

நீதி: ஆபத்து என்று கத்தும் குரலை நாற்பது வருஷம் ஊறவைத்தால் அது பாட்டாகிவிடும். அப்போது எழுந்து ஓடுகிறவர்கள் ரசனை கெட்டவர்கள்; ஓடாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் சாப்பாடு.